செவ்வாய் வெள்ளி ஆறரை மணி

மாடிக்குச் சாவியெல்லாம் வேணாம் தம்பி, கதவு திறந்துதான் இருக்கு. ஆனா இப்பப் போகாதீங்க. ஏழு மணி ஆகட்டும். அரை மணி நேரம்தானே, உக்காருங்க. ஃபேனுக்குக் கீழ அந்தச் சேர்ல உக்காருங்க. மேல என் சம்சாரம் இருக்கா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையா? செவ்வாய் வெள்ளின்னா ஆறரைக்கு மேல போவா, ஏழுக்கு இறங்குவா. நீங்க கழட்ட வந்திருக்கீங்களே அந்த டிஷ், அதுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பா. வேற ஒண்ணும் பண்ண மாட்டா, பயப்படாதீங்க.

கழட்டப் போறோம்னு அவகிட்ட இன்னும் சொல்லலை. சொன்னாலும் பதில் வராது. பதினோரு வருஷமா என்கிட்ட பேசறதில்லை. சமைப்பா, தட்டு வைப்பா, மாத்திரையை எடுத்து டம்ளர் பக்கத்துல வைப்பா. எதிர்வீட்டு அம்மாகிட்ட நல்லாப் பேசுவா. காய்காரர்கிட்ட கால் கிலோ வெண்டைக்காய்க்குப் பத்து நிமிஷம் பேசுவா. என்கிட்ட மட்டும் கிடையாது. எல்லாம் அந்த டிஷ்ஷால வந்தது. நான் என்ன தப்பு பண்ணினேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நீங்க வெளி ஆளு, உங்களுக்கு யார் பக்கமும் பேச வேண்டியதில்லை.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தி நாலு வருஷம் இருந்தவன். தணிகாசலம்னா அந்தக் காலத்துல டைரக்டரியே தேவையில்லைன்னு சொல்லுவாங்க. ஒரு நம்பரை ஒரு தடவை பாத்தா போதும், மறக்காது. இப்பவும்தான். மறக்கணும்னு நினைச்சாலும் மறக்காது, அது ஒரு வியாதி. சரி, அதை விடுங்க.

ரிடையர் ஆன மறு வருஷம் இந்த பில்டிங்குக்கு செக்ரட்டரி ஆனேன். பதினாறு வீடு. மொட்டை மாடியில பதினாறு டிஷ். துணி காயப் போட இடம் இல்லை, மழை பெஞ்சா ஒவ்வொரு டிஷ்ஷுக்கு அடியிலயும் ஓதம். பாக்கவே அசிங்கம். நான்தான் சொன்னேன், எல்லாத்தையும் எடுத்துடலாம், பில்டிங்குக்கு ஒரே டிஷ், ஒரே கம்பெனி, வீட்டுக்கு வீடு ஒயர்னு. நல்ல யோசனையா இல்லையா? நீங்க இந்தத் தொழில்ல இருக்கீங்க, சொல்லுங்க. பாருங்க, நல்ல யோசனைதான்.

மூணு கம்பெனிக்காரங்க வந்தாங்க. பேரெல்லாம் எதுக்கு. மூணு பேர் குடுத்ததையும் வாங்கி நானே கட்டம் போட்டு ஒரு பேப்பர் தயார் பண்ணினேன். எந்தக் கம்பெனியில என்ன சேனல், யார் எத்தனை நாள்ல ரிப்பேருக்கு வருவாங்க, எல்லாம் இருக்கும். மூணாவது கம்பெனியில ஒரு சேனல் அதிகமா இருந்தது. கடல் தாண்டி ஒரு ஊர்லேருந்து வர்ற தமிழ் சேனல். அதை நான் கட்டத்துல போடலை. இடம் இல்லை.

சிரிக்காதீங்க. நிஜமாவே இடம் இல்லை.

அந்தச் சேனல் எங்க வீட்டுல மட்டும் அப்பவே வந்துட்டிருந்தது. எங்களுது பழைய பெரிய டிஷ், மாசக் கட்டணம் கிடையாது, அதுல இலவசமா வரும். அதுல செவ்வாய் வெள்ளி சாயங்காலம் ஆறரைக்குச் செய்தி வாசிக்கறது என் பொண்ணு. ஒரே பொண்ணுதான். தானா ஒருத்தனைப் பாத்துக்கிட்டு, ஒரு லெட்டர் எழுதி வெச்சுட்டுப் போயிட்டா. போன மறுநாளே எக்ஸ்சேஞ்சுக்குப் போய் வீட்டு நம்பரை மாத்தினேன். என் சர்வீஸ்ல எனக்காக நான் செஞ்சுக்கிட்ட காரியம் அது ஒண்ணுதான். நம்பர் மாத்தினது வேற விஷயம். அப்போ கண்ட கண்ட நேரத்துல ராங் கால் வந்துட்டிருந்தது.

அவ டிவியில வர்றது என் சம்சாரம் மரகதத்துக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் சேனல் மாத்தும்போது பாத்திருப்பா. அன்னிலேருந்து செவ்வாய் வெள்ளி ஆறரைன்னா அவ இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டா. எனக்கு அந்த நேரம் வாக்கிங். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வாக்கிங். டாக்டர் வாரம் ரெண்டு நாள் போதும்னாரு.

ஒரே ஒரு தடவை பாத்தேன். செருப்பு தேடிக்கிட்டிருந்தப்போ கண்ணுல பட்டுது. கீழ பட்டையில பேர் போகுது, சுடர்விழி தணிகாசலம்னு. போனவ என் பேரை எதுக்கு எடுத்துட்டுப் போறா? எதிர்வீட்டு அம்மா சர்க்கரை வாங்க வந்தவங்க அதைப் பாத்துட்டு, "உங்க பொண்ணா சார்? உங்க ஜாடைதான்"னாங்க. நான் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சு அசோசியேஷன் மீட்டிங்ல பொது டிஷ் விஷயத்தை எடுத்தேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

மீட்டிங் கீழ கார் பார்க்கிங்ல நடந்தது. இரண்டாவது மாடி எதிராஜ்னு ஒருத்தர், நான் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசறவரு. மூணாவது கம்பெனிதான் வேணும்னாரு, அவருக்கு கிரிக்கெட். ஏழு வீடு அவர் பக்கம் போயிடுச்சு. முதல் கம்பெனிக்கு என்னோட சேத்து எட்டு. ஒரு வீடு வெளியூர். கை தூக்கச் சொல்லி எண்ணும்போது பாக்கறேன், பின்னாடி சுவர் ஓரமா நின்னுட்டிருந்த மரகதம் மூணாவது கம்பெனிக்குக் கை தூக்கியிருக்கா. கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்துல பொது இடத்துல அவ கை தூக்கினது அன்னிக்குத்தான். எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. "வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், எங்க வீட்டு ஓட்டைப் போட்டாச்சு, இறக்கு"ன்னேன். இறக்கிட்டா. வீடு அவ பேர்லதான் இருக்கு, பத்திரப்படி ஓட்டு அவளுது. அதை யாரும் கேக்கலை. நானும் சொல்லலை.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டா. "கார்த்திகை வரைக்கும் நம்ம பழைய டிஷ் மட்டும் ஓரமா இருக்கட்டுங்க. அப்புறம் எடுத்துக்கலாம்."

"ஏன், கார்த்திகையில என்ன?"

"அவ முழுகாம இருக்கா. நாலு மாசம் இருக்கும். மேஜையை விட்டுத் தள்ளி உக்காருறா. முகம் வெளுத்திருக்கு. பெத்து எடுக்கற வரைக்கும் பாத்துட்டிருந்தேன்னா எனக்குப் போதும்."

"யாரு?"ன்னு கேட்டேன்.

அவ்வளவுதான் கேட்டேன். அவ அடுப்பங்கரைக்குப் போயிட்டா. செக்ரட்டரியே தன் வீட்டுக்கு ஒரு டிஷ் வெச்சுக்கிட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? ஆடி மாசம் பதினாறு டிஷ்ஷும் இறங்குச்சு. எங்க டிஷ்ஷை இறக்கும்போது அவ மேலயே நின்னா. அது எந்தப் பக்கம் பாத்து நின்னுதுன்னு அந்த ஆளுகிட்ட விசாரிச்சுட்டிருந்தா. "இது மாதா கோயில் கோபுரத்தைப் பாத்து நிக்கும்மா, புதுசு செல்போன் டவரைப் பாத்து நிக்கும், ரெண்டும் ஒரு சாண் வித்தியாசம்தான்"னு அவன் சொன்னது என் காதுலயும் விழுந்தது. பொம்பளைங்க வழக்கமா கேக்கற கேள்விதானேன்னு விட்டுட்டேன்.

ரெண்டு மாசம் ஒண்ணும் இல்லை. அருமையான படம். ஆயுத பூஜைக்கு மோட்டார், லிஃப்ட், டிஷ் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. சாயங்காலம் ஆறரைக்குப் பதினஞ்சு வீட்டுலயும் படம் போயிடும். ஏழு மணிக்குத் தானா வந்துடும். சீரியல் நேரம் தம்பி! பொம்பளைங்க என் வீட்டுக் கதவைத் தட்டறாங்க. எதிராஜ் லிஃப்ட்ல பாக்கும்போதெல்லாம், "உங்க கம்பெனி எப்படி சார் இருக்கு?"ன்னு நக்கல். கம்பெனி ஆளு வந்து பாத்துட்டு, "யாரோ டிஷ்ஷைத் திருப்பறாங்க சார், நட்டு லூஸா இருக்கு"ன்னான். கம்பத்துல ரெண்டு குங்குமக் கோடு இருந்தது. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒரு சாண் இடைவெளி. பூஜைக்கு வெச்சதுன்னு நானே சொன்னேன். பூஜைக்குக் கோடு போட மாட்டாங்க, பொட்டுதான் வைப்பாங்கன்னு அப்போ தோணலை.

நான் ஒரு நோட்டு போட்டுக் குறிச்சேன். என்னைக்கு, எத்தனை மணிக்குப் படம் போகுதுன்னு. செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. மூணு வாரம் எழுதினேன். அப்புறம் விசாரிச்சேன், எதிராஜ் செவ்வாய் வெள்ளியில கடையிலேருந்து சீக்கிரம் வந்துடறாருன்னு வாட்ச்மேன் சொன்னான். போதாதா? அதே சமயத்துல என் டூல்ஸ் பெட்டியில பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் காணோம். அதையும் எதிராஜ்தான் எடுத்திருப்பாருன்னு நினைச்சேன். ஆனா பெட்டி எங்க பெட்ரூம் பரண்ல இருந்தது. சரி.

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை. காலையிலேருந்தே மூடிக்கிட்டு இருந்தது வானம். அன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கறதுன்னு முடிவு பண்ணினேன். புதுப் பூட்டு ஒண்ணு வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். மரகதத்துகிட்ட வாக்கிங் போறேன்னு சொல்லிட்டுக் கீழ இருக்கற பொருளாளர் வீட்டுல போய் உக்காந்தேன். அவங்க வீட்டு டிவியையே பாத்துட்டிருந்தேன். ஆறு முப்பத்தி ரெண்டு. படம் போச்சு. லிஃப்ட்ல ஏறி நாலாவது மாடி, அங்கேருந்து படி. மாடிக்கு இரும்புத் தகரக் கதவு. அந்தப் பக்கம் ஸ்பேனர் சத்தம் கேக்குது. கொண்டியை இழுத்தேன், பூட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு, சொல்லக் கூடாது. சின்ன வயசுல கூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

உள்ளேருந்து மூணு தடவை தட்டுச்சு. மெதுவா. திருடன் மாட்டிக்கிட்டா உதைப்பான், கத்துவான். இது மூணு தடவை, நிறுத்தி, மறுபடியும் மூணு தடவை. நான் யாருன்னு கேக்கலை. கேட்டா குரலை வெச்சுச் சமாதானம் பேச ஆரம்பிச்சுடுவாங்க. முகத்தைப் பத்து பேர் முன்னாடி பாக்கணும், மீட்டிங் மினிட்ஸ் நோட்டுல ஏத்தணும். கீழ இறங்கிட்டேன். நான் இறங்கறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. தகரத்துல கல்லை வாரி எறிஞ்ச மாதிரி சத்தம்.

கீழ ஆளுங்களைக் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தாங்க. எதிராஜும் வந்தாரு, கையில டிவி ரிமோட்டோட. "என்ன சார், மறுபடியும் போச்சா?"ங்கறாரு. "நீங்க இங்க இருந்தா மேல யாரு?"ன்னேன்.

"யாரா இருந்தா என்ன சார், மழை கொட்டுது. முதல்ல கதவைத் திறங்க"ன்னாரு.

"தலைவர் இல்லாமத் திறக்கக் கூடாது"ன்னேன். அசோசியேஷன் தலைவர் பட்டுசாமி கோயிலுக்குப் போயிருந்தாரு. பைலாவுல, அதான் அசோசியேஷன் சட்டத்துல, இருக்கு தம்பி, பொதுச் சொத்துக்குச் சேதம்னா தலைவர், செக்ரட்டரி ரெண்டு பேர் முன்னிலையிலதான் விசாரிக்கணும். நானே எழுதின பைலா. நானே மீறலாமா?

தலைவர் வந்தா வாசல்லேருந்து கூட்டிட்டு வரணுமே, நனைஞ்சுடுவாரேன்னு குடை எடுக்க வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. மரகதத்தைக் காணோம். அடுப்புல குக்கர், சிம்ல. பெட்ரூம்ல டிவி ஓடிட்டிருக்கு. பதினஞ்சு வீட்டுல படம் இல்லை, என் வீட்டுல இருக்கு. அந்தப் பழைய பாக்ஸ், டிஷ்ஷோட தூக்கிப் போட்டாச்சுன்னு நினைச்சுட்டிருந்தேனே, அது டிவிக்குப் பின்னாடி துணி மூடி இருக்கு. டிவியில அவ.

முகம் உப்பியிருந்தது. நிறை மாசம். நான் குடையை எடுத்துக்கிட்டேன். எடுத்துட்டு நின்னேன். செய்தி முடிஞ்சா கை கூப்புவாங்க இல்லையா, அவ கூப்பலை. "நேயர்களே, இன்னியோட நான் விடுப்புல போறேன். திரும்பி வருவேனான்னு தெரியலை"ன்னா. அப்புறம் நேரா பாத்தா. நேரான்னா, என்னைப் பாத்த மாதிரி. "அம்மா, நீ பாத்துட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். கீழ என் நம்பர் ஓடுது. வீட்டு நம்பர் மாறிடுச்சு, என்னால உன்னைப் பிடிக்க முடியலை. நீ ஒரே ஒரு தடவை கூப்பிடும்மா. பயமா இருக்கு."

நம்பர் கீழ ஓடுச்சு. ரெண்டு தடவை.

டிவியை அணைச்சேன். அடுப்பையும் அணைச்சேன், தீஞ்சுடும் இல்லையா. குடையை எடுத்துட்டுக் கீழ போனேன்.

அப்போ மேல இருக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுதானேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க, அதனாலதான் யாருகிட்டயும் சொன்னதில்லை. தெரியலை தம்பி. நான் குடை எடுக்கத்தான் போனேன். கீழ வந்து தலைவருக்காக நின்னேன். இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம். எதிராஜ் சாவி கேட்டுச் சட்டையைப் பிடிச்சாரு. குடுக்கலை. தலைவர் ஏழரைக்கு மேல வந்தாரு, நான் குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். எல்லாரும் மேல போனோம். மினிட்ஸ் நோட்டு என் கையில இருந்தது.

திறந்தேன். கதவுப் பக்கம் யாரும் இல்லை. தண்ணித் தொட்டி ஓரமா, டிஷ் கம்பத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. காத்துல அது திரும்பிடக் கூடாதுன்னு பிடிச்சிருக்கா. தான் பாக்க முடியாட்டியும் படம் நிக்கணும்னு பிடிச்சிருக்கா. கம்பத்துலேருந்து குங்குமம் கரைஞ்சு புடவையெல்லாம் சிவப்பு. எதிராஜ் அவர் சட்டையைக் கழட்டிப் போத்தினாரு. அவரோட சம்சாரம் விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டாங்க. யாரும் என்னைப் பாக்கலை. நான் மினிட்ஸ்ல ஒண்ணும் எழுதலை.

நுரையீரல்ல சளி கட்டிக்கிச்சு. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. ஆறாவது நாள் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அன்னிக்கு அவ வந்தாளா?"

"டிவி அணைஞ்சிருந்தது"ன்னேன்.

பொய் இல்லையே அது. அணைஞ்சுதான் இருந்தது. அணைச்சது யாருன்னு அவ கேக்கலை. ஆனா அவ போட்டுட்டுப் போன டிவி தானா அணையாதுன்னு அவளுக்குத் தெரியும் இல்லையா? அதுக்கு அப்புறம் என்கிட்ட பேசலை. அந்தச் சேனலை அடுத்த வருஷமே மூடிட்டாங்க. பொண்ணு என்ன ஆனா, என்ன குழந்தை, ஒண்ணும் தெரியாது. மரகதம் மட்டும் செவ்வாய் வெள்ளி மேல போயிடுவா. இப்ப எல்லார் வீட்டுலயும் கேபிளே வேற மாதிரி வந்துடுச்சு, டிஷ் வேணாம்னு மீட்டிங்ல முடிவு. கழட்டிட்டா அவளும் மேல போக மாட்டா, முழங்கால் வலி வேற. நல்லதுக்குத்தான் சொல்றேன். இன்னிக்கே கழட்டிடுங்க.

என்ன, ஃபார்மா? குடுங்க, கையெழுத்துப் போடறேன். மொபைல் நம்பருமா, சரி, பேனாவைக் குடுங்க. இந்தாங்க.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? பத்து நம்பர்தானே வரணும், அதுக்கென்ன. எத்தனை இருக்கு? பதிமூணா? காட்டுங்க.

கண்ணாடி போடாம எழுதிட்டேன். அது வேற நம்பர். பழசு. அடிச்சிடுங்க. ஒரு கோடு போதாது, நல்லா அடிங்க. வேணாம், ஃபார்மையே கிழிச்சிடலாம், வேற இருக்கும்ல? குடுங்க அதை. எதுக்கு மடிக்கறீங்க? பையில வைக்காதீங்க தம்பி. உங்ககிட்ட வெளி ஆளாச்சேன்னுதான் சொன்னேன். பாருங்க, அவ இறங்கி வர்றா, செருப்புச் சத்தம் கேக்குது. குடுத்துடுங்க. தம்பி, எழுந்திருக்காதீங்க. அவகிட்ட எதுக்குப் போறீங்க?

மரகதம், இவர் டிஷ் கழட்ட வந்திருக்கார். அவ்வளவுதான். அவர் கையில ஒண்ணும் இல்லை.